ஒன்பது நோட்டு நீள மைதானம்

என் தங்கை பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். எங்கள் குடும்பத்தில் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள் அவள்தான். நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, வீடுகளுக்குத் தரை டைல்ஸ் ஒட்டும் வேலைக்குப் போனவன். அவள் கல்லூரியில் சேர்ந்த அன்று, நான் வேலை செய்துகொண்டிருந்த வீட்டின் சொந்தக்காரர், அவர் மனைவி, மணல் கொண்டுவந்த லாரி டிரைவர் என்று அகப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். லாரி டிரைவர், "சரிங்க, மணலை எங்க கொட்டணும்?" என்று கேட்டார்.

பதினோரு வருடமாக ஒரே பள்ளியில் வேலை. மைதானத்தின் ஒரு மூலையில் நின்று அவள் விசில் ஊதினால், மறு மூலையில் ஓடுகிற பிள்ளையின் கால் தானாக நிற்கும். அப்படிப்பட்டவளைக் கைப்பேசியின் முன்னால் நிறுத்தி விளையாட்டு நடத்தச் சொன்னார்கள்.

நோய் பரவிப் பள்ளிகளை மூடிய மூன்றாவது வாரத்தில் தலைமையாசிரியையின் உத்தரவு வந்தது. கணக்கும் அறிவியலும் எப்படியோ கைப்பேசிக்குள் அடங்கின. விளையாட்டும் அடங்க வேண்டும் என்றார். காலை பதினொன்றிலிருந்து பதினொன்று நாற்பது வரை எங்கள் முன்னறைதான் மைதானம். கட்டிலைச் சுவரோடு சாய்த்து நிறுத்துவோம். கைப்பேசியை ஜன்னல் கம்பியில் ரப்பர் பேண்டால் கட்டுவோம். அதே நேரம் உள்ளறையில் என் மகனுக்கு வரலாற்று வகுப்பு. அவன் டீச்சர் போர் ஒன்றை விளக்கிக்கொண்டிருந்தபோது, இந்தப் பக்கம் தங்கை "இடது கால், வலது கால்" என்று சத்தம் போட்டாள். படை கிளம்பிவிட்டது என்று அந்த வகுப்பே சிரித்ததாம்.

முதல் நாள் பழக்கதோஷத்தில் விசிலை ஊதிவிட்டாள். காதில் ஹெட்போன் மாட்டியிருந்த பிள்ளைகள் எல்லாரும் துள்ளி விழுந்தார்கள். மாலைக்குள் பதினான்கு புகார். மறுநாள் முதல் கைதட்டல்தான். குதிக்கச் சொன்னால் கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் தன் கூரையை, அதாவது எங்கள் தரையை, இடிப்பார். பிள்ளைகளின் வீடுகளிலும் கீழ்வீட்டுக்காரர்கள் இருந்தார்கள். பாதிப் பேர் காமிராவை அணைத்துவிட்டு "இருபது குதிச்சாச்சு மிஸ்" என்றார்கள். ஒரு வீட்டில் பிள்ளை பின்னால் படுத்துத் தூங்க, அப்பா மூச்சிரைக்கக் குதித்துக்கொண்டிருந்தார். அவருக்கு வருகை போடலாமா என்று தங்கை என்னிடம் கேட்டாள். போடு, அந்த வகுப்பிலேயே ஒழுங்காகக் குதித்தவர் அவர்தான் என்றேன். அவள் சிரிக்கவில்லை. கைப்பேசியை அவிழ்த்து வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் சாய்ந்திருந்த கட்டிலை முறைத்துக்கொண்டு நின்றாள்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் விளையாட்டுப் பள்ளி ஒன்றின் சுற்றறிக்கை வந்தது. அங்கேயே தங்கிப் படிக்கலாம். சாப்பாடும் பயிற்சியும் அவர்களே தருவார்கள். ஒவ்வொரு பள்ளியும் ஒரே ஒரு பிள்ளையைச் சொல்லலாம். வயது பன்னிரண்டைத் தாண்டக் கூடாது. வழக்கமாக மைதானத்தில் ஓடவிட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். இந்த ஆண்டு வீட்டுக்குள் ஓடிய வீடியோவும், எடுத்துக்கொண்ட நேரமும், டீச்சரின் கையெழுத்தும் இருபத்தைந்தாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும்.

தங்கையின் மனதில் இருந்தது ஒரே ஒரு பெயர். வகுப்பில் வெட்டுக்கிளி என்று கூப்பிடுவார்கள். காலே பாதி உடம்பாக இருக்கும் பெண். அம்மா மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்கிறவர். அந்த நாட்களில் வீட்டுக்கு வருவதே பாதி நாள்தான். வெட்டுக்கிளியும் அவள் தம்பியும் ஒற்றை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள். அவளுக்கு அடுத்த மாதம் பன்னிரண்டு முடிகிறது. இந்த ஆண்டு விட்டால் அந்தப் பள்ளியின் கதவு அவளுக்கு இல்லை.

வீட்டுக்குள் எப்படியாவது நூறு மீட்டர் ஓடி அனுப்புங்கள் என்று தங்கை முதலில் சொன்னாள். வந்து சேர்ந்தன அறுபத்திரண்டு வீடியோக்கள். எனக்கு வேலை இல்லாத காலம். அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் பார்த்தேன். எல்லாரையும்விட வேகம் ஒரு பெரிய வீட்டுப் பெண். ஹால் சரியாகப் பத்து மீட்டர், பத்து ஓட்டம் ஓடியிருக்கிறாள் என்று அவள் அம்மா எழுதியிருந்தார். எனக்குப் பிள்ளை தெரியவில்லை, தரைதான் தெரிந்தது. இரண்டடி டைல்ஸ். எண்ணினேன். முழு டைல்ஸ் பதின்மூன்று, கடைசியில் ஒன்பது அங்குல வெட்டுத் துண்டு. இருபத்தாறே முக்கால் அடி. நூறு மீட்டரில் பதினெட்டு மீட்டருக்கு மேல் காணவில்லை.

தங்கை அடுத்த வீடியோவை நீட்டினாள். அதன் பிறகு இரண்டு நாள் நாங்கள் பார்த்தது ஓட்டம் இல்லை, தரை. ஒருவர் வீட்டில் ஓரடிக் கல், இன்னொருவர் வீட்டில் பதினாறு அங்குலம். சொன்ன அளவும் கல்லும் பொருந்திய வீடுகள் பத்தொன்பது. வெட்டுக்கிளியின் வீட்டில் வெறும் சிமென்ட். எட்டரை அடிதான் இருக்கும். அவள் சுவரில் கை வைத்து வைத்துத் திரும்பியே களைத்துப் போயிருந்தாள்.

அப்போது நான்தான் வாயை விட்டேன். டைல்ஸில் ஒரே கோலம் வீடு முழுக்க வர வேண்டுமென்றால், நாங்கள் பெரிய ஹாலை அளந்து ஆரம்பிக்க மாட்டோம். இருப்பதிலேயே குறுகலான இடத்தை அளப்போம். அதில் அடங்குவது மற்ற இடங்களிலும் அடங்கும். அதைச் சொன்னேன். தங்கை சட்டென்று நிமிர்ந்தாள். அடுத்த நாளே புது விதி. எல்லாரும் எட்டடியில் ஓட வேண்டும், போகவும் வரவும் சேர்த்து மொத்தம் நாற்பது தடவை. எட்டடியை எப்படி அளப்பது? பள்ளி எல்லாருக்கும் ஒரே மாதிரி நீள நோட்டுக் கொடுத்திருந்தது. அதை அளந்தேன், பத்தே முக்கால் அங்குலம். ஒன்பது முறை வைத்தால் எட்டடிக்கு முக்கால் அங்குலம் கூட. இரண்டு பக்கமும் சாக்பீஸ் கோடு. காமிரா தரையில், இரண்டு கோடும் தெரிகிற மாதிரி.

பெரிய ஹால்காரம்மா போன் செய்தார். "எங்க வீட்டுல இவ்வளவு பெரிய ஹால் இருக்கும்போது என் பொண்ணு ஏன் எட்டடிக்குள்ள ஓடணும்?"

"மைதானத்துக்கு யாரும் அவங்கவங்க ஹாலைத் தூக்கிட்டு வர்றதில்லீங்க" என்றாள் தங்கை.

அது நேராகத் தலைமையாசிரியையிடம் போனது. நீ விளையாட்டு டீச்சரா, கட்டட மேஸ்திரியா என்று அவர் கேட்டார். என் தங்கை விடவில்லை. தனக்கு வேண்டிய பிள்ளைக்காக விதியை வளைக்கிறாள் என்று சில பெற்றோர் பேசுவதாக அவர் சொன்னதும் இவளுக்குச் சுருக்கென்றது. "இந்த விதியில யார் முதல்ல வந்தாலும் அவங்க பேரைத்தான் அனுப்புவேன் மேடம். எழுதியே தர்றேன்" என்றாள். எழுதியும் கொடுத்தாள். அந்தத் தாளை அவர் கோப்பில் வைத்துக்கொண்டார். அதைக் கேட்டு எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் மனைவி மட்டும், "அண்ணனும் தங்கையும் சேர்ந்து நல்லா நூல் பிடிச்சிருக்கீங்க. எங்க போய் முட்டுதுன்னு பாப்போம்" என்றாள்.

முட்டியது. முதலில் வந்தவன், வகுப்பில் பொட்டலம் என்று கூப்பிடுகிற பையன். சளி பிடிக்குமென்று அவன் அம்மா எப்போதும் ஸ்வெட்டரில் சுற்றி அனுப்புவார். மைதானத்தில் பந்து பொறுக்கிப் போடுவதோடு சரி. குள்ளம், உருண்டை. அந்த எட்டடிக்குள் அவன் பம்பரம் மாதிரி திரும்பினான். ஐம்பத்தெட்டு வினாடி. வெட்டுக்கிளிக்கு அறுபத்து மூன்று. நான்காவது இடம்.

தங்கை வெட்டுக்கிளியின் வீடியோவைப் பதினொரு தடவை போட்டாள். நான் ஒவ்வொரு தாண்டலையும் விரல் விட்டு எண்ணினேன். நாற்பத்தொன்று வந்தது. பாவி மகள், எண்ணிக்கை தவறி ஒன்று கூட ஓடியிருக்கிறாள். ஆசையோடு அதைக் கழித்தோம். மூன்றாவது இடத்துக்குத்தான் வந்தாள். அவள் கால் மூன்று எட்டு வைத்தால்தான் வேகம் பிடிக்கும். மூன்றாவது எட்டில் சுவர் வந்துவிடுகிறது.

"ஓட்டத்தை அளக்கச் சொன்னாங்க. நான் திரும்புறதை அளந்துட்டேண்ணா" என்றாள் தங்கை.

யோசனை என்னுடையது. பொட்டலத்தின் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இருபத்து மூன்றாவது தாண்டலில் அவன் குதிகால் ஒரு நாற்காலிக் காலுக்குப் பின்னால் மறைந்தது. கோட்டைத் தாண்டினானா, அரை அங்குலம் முன்னாலேயே திரும்பினானா, தெரியவில்லை. அவளிடம் காட்டினேன். இதைச் சொல்லித் தள்ளிவிடலாம், இரண்டாவதாக வந்த பிள்ளைக்கும் இப்படி ஏதாவது கிடைக்காமலா போகும் என்றேன்.

அவள் அதைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். "வெட்டுக்கிளி வீட்டுல லைட்டு மங்கல். ரெண்டு தடவை காலே தெரியல. தாண்டினதாத்தானே எடுத்தேன்? இவனுக்கு மட்டும் வேற தராசா?"

நான் வீடியோவை அணைத்தேன். பொட்டலத்தின் அம்மா அதற்குள் போன் செய்து முடிவைக் கேட்டிருந்தார். தன் பிள்ளையை இதுவரை யாரும் எதற்கும் முதலாவதாகக் கூப்பிட்டதில்லை என்று சொல்லி அழுதார். அவரிடம் எந்த முகத்தோடு குதிகால் கதை பேசுவது?

இன்னும் மூன்று நாள் இருந்தது. வெட்டுக்கிளிக்குத் தானே சொல்ல வேண்டும் என்று தங்கை போன் போட்டாள். போனை மேசைமேல் வைத்து ஒலியைக் கூட்டியிருந்தாள். அதனால் எனக்கும் கேட்டது. விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் தம்பி எதற்கோ அடம் பிடிக்கும் சத்தம் மட்டும் வந்தது.

பிறகு அந்தப் பெண் கேட்டாள். "ரோட்டுல ஓடியிருந்தா நான்தானே மிஸ்?"

"நீதான்."

"ரோடு காலியாத்தானே கிடக்கு. ரோட்டுல வைங்கன்னு ஏன் மிஸ் நீங்க கேக்கல?"

என் தங்கை தலைமையாசிரியையோடு சண்டை போட்டவள், பெற்றோரோடு சண்டை போட்டவள். "தோணலடா" என்றாள்.

"எனக்கும் இப்பதான் தோணுச்சு மிஸ்" என்று வெட்டுக்கிளி போனை வைத்துவிட்டாள்.

என் கையெழுத்துத் திருத்தமாக இருக்கும் என்பதால் மனுவை என்னை எழுதச் சொன்னாள். ஒரு பிள்ளை, ஒரு டீச்சர், அளக்க ஓர் ஆள், மூவரும் முகக்கவசத்துடன் ஆறடி தள்ளி நிற்பார்கள், நூறு மீட்டர் சாலை, நேரம் பதினைந்து வினாடி. காய்கறி வாங்க விடுகிற காலை நேரத்தில் இரண்டு பேரும், ஊரடங்கில் வெளியே போக அனுமதி கொடுக்கும் அலுவலகத்துக்கு நடந்து போனோம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த அதிகாரி படித்தார். கல்யாணத்துக்கும் சாவுக்கும் அனுமதி கொடுத்துக் கொடுத்துக் களைத்த முகம்.

"பதினஞ்சு செகண்டுக்கா அனுமதி கேக்கறீங்க?"

"அவ பதினாலுலயே முடிச்சிருவா சார்."

அவர் சிரித்துவிட்டார். கெட்டவர் இல்லை. ஆனால் அவர் பட்டியலில் மருந்து இருந்தது, பால் இருந்தது, இறுதிச் சடங்கு இருந்தது. ஓட்டம் இல்லை. மேலிடத்தைக் கேட்டுச் சொல்கிறேன், நாளைக்கு வாருங்கள் என்றார். மறுநாளும் அதே பதில். மூன்றாவது நாள் இருபத்தைந்தாம் தேதி. "இன்னிக்குத்தான் சார் கடைசி" என்று தங்கை சொன்னதற்கு, அவர் மனுவைத் தடுப்புக்கு அடியில் மெல்லத் தள்ளினார். அனுமதி இல்லாமலேயே ஓடவிட்டால் என்ன என்று வரும் வழியில் கேட்டேன். சாலை நெடுக ஒரு வண்டி இல்லை, ஒரு ஆள் இல்லை. ஓடினாலும் திருட்டு ஓட்டத்தில் கையெழுத்துப் போட முடியாது, ஊரடங்கை மீறிய பிள்ளை என்று வெட்டுக்கிளியின் பெயர்தான் கெடும் என்றாள் தங்கை.

மாலை ஐந்து மணிக்குப் படிவத்தில் பொட்டலத்தின் பெயரை எழுதினாள். குறிப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. எங்கள் பள்ளியில் எல்லாரையும்விட வேகமாக ஓடுவது வேறு பிள்ளை என்றாவது அதில் எழுது, உண்மைதானே என்று நான் பிடிவாதம் பிடித்தேன்.

"அந்தப் பையன் என்னண்ணா பண்ணினான்? நான் போட்ட கோட்டுல ஓடி ஜெயிச்சான்" என்றாள். கட்டத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

மறுநாள் பதினொரு மணிக்குக் கட்டிலைச் சாய்த்தோம். வெட்டுக்கிளி வந்திருந்தாள், காமிராவும் போட்டிருந்தாள். தங்கை கை தட்டி எல்லாரையும் குதிக்கச் சொன்னாள். எல்லாரும் எழுந்தார்கள். வெட்டுக்கிளி மட்டும் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்தே இருந்தாள். நாற்பது நிமிடமும் அப்படியே. தங்கை எழுந்திரு என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. வகுப்பு முடிந்ததும் வருகைப் பதிவில் அவள் பெயருக்கு நேரே குறி போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்று நான்தான் தனியாகக் கட்டிலை இறக்கிப் போட்டேன்.