நர்ஸ் நிறுத்திய கேஸ்

கணவரின் மாற்றலால் கொல்கத்தா வந்த புதிது. எனக்கு வங்காளம் அரைகுறை. கைக்குழந்தை அனுவின் இதயத்திலிருந்த ஓட்டையை ஆபரேஷன் செய்து அடைத்தார்கள். பிறகு நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறியதால், மூச்சுக்குழாய் வழியே நைட்ரிக் ஆக்ஸைடு வாயு கொடுத்தார்கள்.

ஒரு காலை நர்ஸ் வெளியே வந்து, “கேஸ் பொந்தோ கொரே தியேச்சி” என்றார். வாயுவை நிறுத்திவிட்டார்கள் என்பது மட்டும் புரிந்தது. குழந்தையைக் கைவிட்டுவிட்டார்கள் என்று கணவருக்குப் போன் செய்து கதறினேன்.

அவர் ஜாதவ்பூர் ஆபீஸிலிருந்து ஓடிவந்து டாக்டரிடம் கேட்டார். திரும்பி வந்தபோது அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

“அழுத்தம் இறங்கிடுச்சாம். கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு, இனி தேவையில்லைன்னு நிறுத்தியிருக்காங்க. நல்ல சேதிடி!”

அனு இப்போது வீடெங்கும் தவழ்கிறாள். நானோ, யார் எதைச் சொன்னாலும் முதலில் “கேனோ?” என்று காரணம் கேட்கிறேன். அழுவதா, சிரிப்பதா என்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.