மேட்டு வளைவில் இரண்டு நாற்காலிகள்

கிளியக்கா, உங்களைப் பற்றி எழுதச் சொன்னவர்கள், எதை எழுதக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். நான் அதைத்தான் எழுதப்போகிறேன்.

செய்தி வந்தபோது வேலையிடத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டு நின்றேன். கிளியக்காவின் மகன் சுதன் தொலைபேசியில், "அன்ரி, அம்மா போயிட்டா" என்றான். பக்கத்தில் நின்ற பெரித் என்ற நோர்வேப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தாள். கிளியக்காவும் நானும் அவளும் அந்தச் சமையலறையில் ஒன்றாக வேலை செய்தவர்கள்.

செத்தவீட்டிலேயே கதை தொடங்கிவிட்டது. "புருசன் இல்லாத மனுசி, கார் ஓட்டம் பாக்கிறன் எண்டு காட்டுக்குள்ளை மழையிலையும் புகையிலையும் நிண்டு வாங்கின வருத்தம்" என்றார்கள். அவருக்கு இருதய வருத்தம். அவருடைய தாய்க்கும் அதுதான். டாக்டர் சொன்னது சுதனுக்குத் தெரியும். பனிக்காலம் முழுக்க ஓட்டமே நடக்கவில்லை, நாங்கள் போகவுமில்லை. இதை இந்த இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரக் கேட்டவர் மனோன்மணியக்கா. மண்டபத்து வேலையெல்லாம் அவர்தான் பார்ப்பவர்.

"கோயிலுக்குப் பூக் கட்டினதை எழுது. தனிய நிண்டு பிள்ளையை வளத்ததை எழுது. அந்தக் கார்க் கதை வேண்டாம். நாலு பேர் பாக்கிறது."

"நாலு பேர் பாக்கத்தானே அக்கா மலர் அடிக்கிறது?"

"கமலா, உனக்கு வரவர வாய் கூடிப்போச்சு."

கூடித்தான் போயிற்று. கிளியக்காவோடு திரிந்தவளுக்குக் கூடாமல் என்ன செய்யும்?

நாங்கள் முதன்முதல் அந்த ஓட்டத்துக்குப் போனது, இலங்கையில் சமாதானம் வந்துவிட்டதென்று எல்லோரும் ஊருக்குப் போய்வந்த கோடையில். எங்களுக்கு லீவு கிடைக்கவில்லை. பெரித், தன் தம்பி கார் ஓட்டுவதைப் பார்க்க வரச்சொல்லி எங்களைக் கூப்பிட்டாள். பழைய காரின் கண்ணாடிகளைக் கழற்றி, உள்ளே இரும்புக் குழாய் பொருத்தி, மண் பாதையில் முட்டி மோதிச் சுற்றுகிற போட்டி. பில்குரொஸ் என்பார்கள். எங்களுக்கு அது அப்போது தெரியாது. ஒரு குடும்பம் கூப்பிட்டால் சும்மா உடுப்போடு போவதா என்று பட்டுச்சேலை கட்டி, ரோல்சும் வடையும் தட்டத்தில் அடுக்கிக்கொண்டு, எங்கள் வீட்டுப் பக்கத்து அம்மருட்டில் பஸ் ஏறினோம்.

அங்கே சனமெல்லாம் மேட்டில் நின்றது. முதல் வளைவின் வெளிப்பக்கம், கயிற்றடியில், ஒருவரும் இல்லை. "பாத்தியே, விருந்தாளியளுக்கு முன்னுக்கு இடம் விட்டிருக்குதுகள்" என்று கிளியக்கா என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார். கொடிக்காரன் கத்திக்கொண்டு ஓடி வருவதற்குள் கார்கள் வந்துவிட்டன. சேலை, தலை, ரோல்ஸ் எல்லாம் சேறு. நான் அழ ஆயத்தமானேன். கிளியக்கா கண்ணைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அடியே கமலா, என்னை இரண்டாந்தரம் பெரியபிள்ளையாக்கிச் சாமத்தியத் தண்ணி வாத்திருக்கிறாங்கள்."

அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. கடைசி ஓட்டம் முடியும்வரை வீட்டுக்கு வர மறுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையும் போனோம். பஸ் போகும் இடத்துக்குப் பஸ்ஸில், போகாத இடத்துக்குப் பெரித்தின் காரில். மோர்டென்ஸ்ருட் பக்கம் இருக்கும் இளம் தமிழ்ப் பெண்கள் சிலர், தாங்களும் பிள்ளைகளோடு போகலாமா என்று மெல்லக் கேட்பார்கள். கிளியக்கா சொல்லிக் கொடுப்பார். முதல் வளைவின் வெளிப்பக்கம் நிற்காதே, கதை உனக்குத் தெரியும்தானே. மேட்டில் நில், காற்று முதுகில் பட வேண்டும், புகையும் புழுதியும் அங்காலே போகும். பிள்ளையின் காதை முதலில் மூடு, பிறகு உன் காதை. போய் இறங்கினவுடனே திரும்பி வரும் பஸ்ஸின் நேரத்தைப் பார், ஞாயிற்றுக்கிழமை அது உனக்காக நிற்காது. ஓட்டம் தொடங்க முன்பு கார் திருத்துகிற இடத்துக்குப் போய் அவர்களோடு கதை. "ரோல்ஸைக் குடு, எந்த நோர்வேக்காரனும் வாய் திறப்பான்" என்பார். இன்னொன்றும் சொல்வார்: "வெல்லுறவனை எல்லாரும் பாக்குதுகள். நீ கடைசியா வாறவனைப் பார். அவன் என்னத்துக்கு விடாமல் ஓடுறான் எண்டு பார்."

ஒருமுறை பெரித்தின் தம்பி வென்றான். ஓட்டம் முடிந்ததும் வேறொருவன் வந்து அந்தக் காரைக் கேட்டான். அந்தப் போட்டியில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. எல்லாக் காருக்கும் ஒரே விலை. போட்டிக்காரர் யாரும் கேட்கலாம், கொடுக்க மாட்டேன் என்று சொல்ல முடியாது. பலர் கேட்டால் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். பணக்காரன் விலை கூடிய சாமான்களைப் பூட்டி வெல்லாமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். கிளியக்காவுக்குப் பொறுக்கவில்லை. தனக்குத் தெரிந்த நோர்வேயில் பெரித்தோடு சண்டை பிடித்தார். பனிக்காலம் முழுக்க மினக்கெட்டுச் செய்த காரை எப்படிக் கொடுப்பது என்று கேட்டார். அந்தப் பொடியனோ காரின் திறப்பைக் கொடுத்துவிட்டு, ஹெல்மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து, இன்னொரு ரோல்ஸ் இருக்கிறதா என்று கேட்டான்.

பஸ்ஸில் திரும்பி வந்தோம். ட்வெய்ட்டா தரிப்பிடம் தாண்டும்போது கிளியக்கா சொன்னார்.

"திருகோணமலையிலை என்ரை வீட்டை ஆமி எடுத்தது. இவன் தெரிஞ்சு குடுக்கிறான். ரெண்டும் ஒண்டில்லை."

"ஓம் அக்கா, ஒண்டில்லை."

"ஆனால் அவன் நாளைக்கே வேறை கார் தேடப் போவான். நான் எத்தினை வருசமா அந்த வாசலிலையே நிண்டு அழுதுகொண்டிருக்கிறன். காணும் கமலா, இனிப் போதும்."

அந்த வீட்டை அவர் மறக்கவில்லை. படம் கடைசிவரை சுவரில் இருந்தது. அழுவதைத்தான் விட்டார். எந்தக் கோயிலிலும் எந்த மண்டபத்திலும் கிடைக்காதது அவருக்கு அந்தச் சேற்றில் கிடைத்தது. அதை மறைத்து மலர் அடித்தால், அதில் இருப்பது வேறு யாரோ ஒரு மனுசி.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இதை வெட்டினால், முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் எழுந்து நின்று வாசிப்பேன். எழுத்துக்கூட்டித்தான் எனக்கு வாசிக்க வரும். சோறு கறி ஆறிப்போனால் என்னைக் குறை சொல்லக்கூடாது.

கிளியக்காவின் நீல மடக்கு நாற்காலியையும் சிவப்புக் காதுமூடியையும் சுதன் எனக்குத் தந்துவிட்டான். முப்பத்தொன்று கழிந்து வரும் ஞாயிறு இந்தக் கோடையின் முதல் ஓட்டம். நான் போகிறேன். வர விரும்புகிறவர்கள் அம்மருட் பஸ் தரிப்பிடத்துக்கு வாருங்கள். காலுக்கு வெள்ளைச் சப்பாத்து வேண்டாம், சேறு பிடிக்கும். இரண்டு நாற்காலியும் கொண்டுபோவேன், இரண்டையும் விரிப்பேன்.

ஒன்றுதான் எனக்குப் பிடிபடாதது. அங்கே போய் இறங்கியதும் அவர் காற்றுப் பார்க்க விரலை நாக்கில் நனைத்து மேலே பிடிப்பார். பிறகு ஒரு பக்கம் கையைக் காட்டுவார். நான் கேள்வி கேட்காமல் அங்கே விரிப்பேன். எங்கள் மேல் பிறகு ஒருநாளும் சேறு பட்டதில்லை. செத்தவீடு முடிந்த நாளிலிருந்து நானும் பல்கனியில் நின்று விரலை நனைத்துப் பார்க்கிறேன். விரலின் எல்லாப் பக்கமும் குளிர்கிறது.

கிளியக்கா, ஞாயிற்றுக்கிழமை காத்து எந்தப் பக்கத்தாலை வரும், நாங்கள் எங்கை நிக்கிறது?