காபி மெஷினில் அரைத்த சரக்குத்தூள்

பிள்ளையோடு வீட்டுக்கு வந்ததிலிருந்து என் மனைவிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் வைத்த ரசம், பருப்பு எல்லாம் இரண்டு வாயோடு நின்றன. தாயையும் பிள்ளையையும் பார்க்க வந்த மிட்வைஃப் நர்ஸ், "பிடித்ததைக் கொடுங்கள், பால் கொடுக்கிறவர் நன்றாகச் சாப்பிட வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் கேட்டது யாழ்ப்பாணத்துச் சரக்குக் கறி. பிள்ளை பெற்றவர்களுக்கும் காய்ச்சல்காரர்களுக்கும் மிளகாய் சேராத தூளில் வைக்கிற குழம்பு அது. யாழ்ப்பாணத்திலிருந்து இந்த நாட்டுக்கு வந்து வைத்துத் தர வேண்டிய அவள் அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை.

நான் மதுரைக்காரன், அந்தத் தூளைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அவள் அம்மாவை, என் அத்தையை, வீடியோவில் கூப்பிட்டேன்.

"தூள்ல என்னென்ன போடணும் அத்தை?"

"எனக்கெங்க தம்பி தெரியும்? மில்லில வாங்கித்தானே நான் கறி வைக்கிறனான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும்தான். மகளுக்குக் கொண்டுவரவென்று வாங்கிய பொட்டலம் அவரிடமே கிடந்தது. அதைப் பிரித்து முகர்ந்தார். விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தார்.

"மல்லிதான் கூடுதலா இருக்கு. மிளகு, சீரகம், மஞ்சள்... பொறுங்கோ, தொண்டையில ஒரு காரம் நிக்குது. ஓம், வேர்க்கொம்பு!"

வேர்க்கொம்பு என்றால் எங்கள் ஊர்ச் சுக்கு. எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. மிளகாய் ஆகாது, மிளகு மட்டும் ஆகுமா என்று நச்சரித்தேன். மிளகு வாய்வை எடுக்கும், மஞ்சள் புண்ணை ஆற்றும் என்றார். மிளகு சேர்ந்தால் மஞ்சளின் சத்து உடம்பில் நன்றாகச் சேரும் என்று எங்கோ படித்ததை நான் எடுத்துவிட்டேன்.

"அதுக்குத்தான் ரெண்டையும் போட்டிருக்கினம் போல" என்று பொட்டலத்தை இன்னொரு முறை முகர்ந்து பார்த்தார்.

அவசரக் குடுக்கை நான். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வறுத்தேன். மல்லி மணக்கும் முன்னே சீரகம் கருகிவிட்டது. மறுபடி தனித்தனியே வறுத்து, காபிக்கொட்டை அரைக்கிற மெஷினில் அரைத்து, மீனும் பூண்டும் போட்டுக் கறி வைத்தேன்.

மனைவி ஒரு வாய் வைத்தாள். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுபடி அத்தையைக் கூப்பிட்டு வெறும் தட்டைக் காட்டினேன்.

"அம்மா, நீங்கள் வைக்கிற மாதிரியே இருக்கு" என்றாள் மனைவி.

"அப்ப இனி நான் வரத் தேவையில்லை" என்று அத்தை சிரித்தார்.

இவள் சிரிக்கவில்லை.

"சாப்பாட்டுக்கோ அம்மா நான் உங்களை வரச் சொன்னனான்?"