இறந்த பூனையின் பூசணிக் கடிதம்

மகள் கனடாவுக்குப் படிக்கப் போன நாளிலிருந்து எங்கள் பூனையின் கடிதங்களை நான்தான் எழுதி வந்தேன். கிழமைக்கு ஒன்று, வாட்ஸ்அப்பில். அதில் அவள் அக்கா, நான் கிழவர். "அக்கா, கிழவர் இண்டைக்கும் மீனைத் தீய விட்டிட்டார். முள்ளு முழுக்க எனக்குத்தான்." வெள்ளவத்தை மாடிவீட்டில் மழையைப் பார்த்தபடி நான் எழுத, அங்கே அவள் பஸ்ஸில் இருந்து சிரிப்பாள்.

பூனை செத்த பிறகும் மூன்று கிழமை கடிதம் நிற்கவில்லை.

ஆயுதபூசைக் காலை. கீழே ஒழுங்கையில், காருக்கு முன்னால் நீத்துப்பூசணிக்காயைச் சுற்றி நானே உடைத்தேன். உள்ளே வைத்த குங்குமம் மழைத் தண்ணீரில் கரைந்து ஓடியது. வீட்டுக் கதவைச் சாத்தாமல் இறங்கியிருக்கிறேன். பூனை பின்னால் வந்ததைக் காணவில்லை. மதிலோரம் சிதறிய துண்டொன்றைத் தட்டி விளையாடியிருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் வந்தவர், நடுவில் கிடந்த பூசணியைக் கண்டதும் மதில் பக்கம் வெட்டினார்.

"கண்ணூறு கழிச்ச பூசணிக்கு மேல ஏறக் கூடாதெண்டு விலத்தினனான் அண்ணை. சத்தியமாப் பூனையைக் காணேல்லை." ஹெல்மெட்டைக் கழற்றாமலே அழுதார். அவரில் என்ன பிழை? நானும் விலத்தியிருப்பேன்.

அன்று பின்னேரமே மகளுக்குச் சொல்ல உட்கார்ந்தேன். விரலில் வந்தது பூனை. "அக்கா, இண்டைக்கு இங்க பூசணிக்காய்த் திருவிழா!" அப்படியே அனுப்பினேன். பூனை உயிரோடிருந்தபோது ஒரு வரிக்கு அரை மணித்தியாலம் மினக்கெடுவேன். இப்போது அது சொல்லச் சொல்ல நான் பின்னால் ஓடினேன். வீட்டுக் கதவைச் சாத்த முடியவில்லை. சாத்தினால் வெளியே ஏதோ வந்து குந்திக்கொள்வதுபோல் இருந்தது.

பிறகு அவளுக்கு இலையுதிர்கால லீவு வந்தது. அங்கத்தைப் பேய்ப் பண்டிகைக்கென்று கண்ணும் பல்லும் வெட்டி, உள்ளே மெழுகுதிரி ஏற்றிய பூசணியின் படம் அனுப்பினாள். "பூனையார், எப்பிடி?"

பூனை எழுதியது: "அக்கா, உங்கட ஊரில லீவு வந்தா மரமெல்லாம் உடுப்பைக் கழட்டுமாம், பூசணிக்கு முகம் முளைக்குமாம். இங்க மரத்துக்கும் லீவில்லை, எனக்கும் லீவில்லை. பேய்க்குப் பயந்து நீங்கள் பூசணிக்குக் கண் வைக்கிறியள். கண்ணூறுக்குப் பயந்து நாங்கள் பூசணியைப் போட்டு உடைக்கிறம். பயம் மனிசருக்கு, கேடு பூசணிக்கு. ஒண்டு கேக்கிறன்: விளக்கு உள்ளுக்க எரிய, அது வெளியில ஆரைப் பாக்குது?"

கடைசி வரி நான் யோசித்தே இராத வரி.

பதில் குரலாக வந்தது. "அப்பா, முந்தி அது இவ்வளவு கதைக்கேல்லை. மூண்டு கிழமையா ஒரு படமும் நீங்கள் அனுப்பேல்லை. பூனை எங்க?"

அவளுக்குப் போன் எடுத்தேன். கதவு, பூசணி, மோட்டார் சைக்கிள், எல்லாம் சொன்னேன்.

"அதுக்கு நொந்திருக்குமோ அப்பா?"

இல்லை அக்கா, ஒரு துளியும் இல்லை என்று சொல்லத் தொண்டையில் பூனை தயாராக நின்றது. என்ன இனிமையாகச் சொல்லியிருக்கும்! வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அது போகும்வரை பொறுத்திருந்தேன்.

"ஓம் பிள்ளை," என்றேன். "கொஞ்ச நேரம் நொந்தது. நான் மடியில வைச்சிருந்தனான்."