பின்பலகையில் புகுந்த தண்ணீர்

மழைக்காலத்தில் செய்யாறு எங்கள் ஊரைக் காஞ்சிபுரம் பஸ் நிற்கிற எதிர்க்கரையிலிருந்து பிரித்துவிடும். பாலம் கிடையாது. அறுபதுகளின் கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் எங்கோ ஓடி ஓய்ந்த என்ஜின் படகு ஒன்றை வாங்கி வந்தார்கள். பம்புசெட் பழுது பார்க்கத் தெரிந்தவன் என்று அதை என் தலையில் கட்டினார்கள். எனக்கோ பெருமை தாங்கவில்லை.

என்ஜின் படகுக்குள்ளேயே பின்பக்கம் இருந்தது. விசிறி வெளியே தண்ணீரில். இரண்டையும் சேர்க்கிற இரும்புத் தண்டு பின்பலகையில் ஓர் ஓட்டை வழியாகப் போகும். ஓட்டையைச் சுற்றி ஒரு ரப்பர் உறை.

எங்களைப் போன்ற நிலக்காரர்கள் முன்னாலும் நடுவிலும் உட்காருவோம். காலனியிலிருந்து கூலிக்குப் போகிறவர்கள் என்ஜின் பக்கத்தில், புகையிலும் சூட்டிலும். யாரும் உத்தரவு போடவில்லை. முதல் நாளே அப்படித்தான் ஏறினோம். நடுவில் இடம் காலியாகக் கிடந்தாலும் அவர்கள் பின்னாலேயே நெருக்கியடித்து உட்காருவார்கள்.

"தண்ணி வந்துக்கினு கீது சாமி" என்று அவர்கள் இரண்டு மூன்று தடவை சொன்னார்கள்.

"உங்க காலோட வந்த தண்ணிதான்" என்றேன். திமிர், வேறென்ன.

ஒரு நாள் காலையில் காலனிப் பெண் ஒருத்தி ஐந்து வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். நெருப்பாகக் காய்ச்சல், கழுத்து விறைத்திருந்தது. காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கூட அவள் சனம் ஏழெட்டுப் பேர். நடு ஆற்றில் கணுக்கால் வரை தண்ணீர் ஏறிவிட்டது. பயந்துபோய்த் திருப்பினேன். ஓட்டை அகப்படும்வரை படகு போகக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

படகைக் கரையேற்றி, உள்ளே ஒரு சாண் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, வெளியே எங்கே கசிகிறது என்று பார்த்தேன். அடிப்பலகை காய்ந்தே கிடந்தது. இருந்தும் இடுக்கெல்லாம் தார் பூசினேன். மறுநாள் எங்கள் ஆட்களை ஏற்றி ஆற்றில் ஒரு சுற்று வந்தேன். சொட்டுத் தண்ணீர் இல்லை. காலனி ஆட்களை ஏற்றியதும் மறுபடியும் தண்ணீர். இப்படியே இரண்டு நாள் போயிற்று. அந்தப் பெண் துறையை விட்டு நகரவில்லை.

கடைசியில் அவள்தான் சொன்னாள்: "நாங்க குந்துற எடத்துல உங்காளுங்கள குந்த வெச்சிப் பாரு சாமி."

எங்கள் ஆட்களைக் கேட்டேன்.

"அவுங்க குந்துற எடத்துல நாங்க குந்தணுமா? இன்னா பேசற நீ?" என்று இறங்கிப் போய்விட்டார்கள்.

காலனி ஆட்களையே பின்னால் உட்காரச் சொல்லி, நான் அவர்கள் நடுவே குனிந்து பின்பலகையைத் தடவிப் பார்த்தேன். ரப்பர் உறையின் மேல்விளிம்பு கிழிந்திருந்தது. சாதாரணமாக அது தண்ணீருக்கு மேலே இருக்கும். பின்பக்கம் பாரம் ஏறினால் அமிழ்ந்துவிடும். அவர்களை நடுவில் உட்கார வைத்திருந்தால் முதல் நாளே அக்கரை போய்ச் சேர்ந்திருப்போம்.

அன்று தாயையும் பிள்ளையையும் நடுவில் உட்கார வைத்து, வேறு யாரையும் ஏற்றாமல் கொண்டுபோய் விட்டேன். பிள்ளை பிழைத்தது. காது இரண்டும் போய்விட்டது. முன்னமே வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாராம். அதை அவள் என்னிடம் கோபமில்லாமல்தான் சொன்னாள்.

அடுத்த வாரமே லாரி டியூபை வெட்டிப் புது உறை போட்டேன். அதன் பிறகு படகில் ஒரு சொட்டுக்கூட ஏறவில்லை. ஏறாததால், எல்லாரும் பழையபடியே உட்கார்ந்தார்கள். நானும் என் பாட்டுக்கு என்ஜினைக் கிளப்பினேன். அந்தப் பிள்ளை மட்டும், ஒரு தடவை நடுவில் உட்கார்ந்து பழகியதாலோ என்னவோ, ஏறியதும் நேராக நடுவுக்குப் போகும். கூப்பிட்டால் கேட்காது. தாய் அதன் தோளைத் தொட்டுத் திருப்பி, பின்னால் வா என்று கையால் காட்டுவாள்.