சொக்லேட் அரைத்த கல்

சொக்லேட் செய்கிறவளுக்கு எதிரிகள் இரண்டு: ஒன்று தண்ணீர், மற்றது நல்லெண்ணம். என்னைப்போல் கடை வைத்து நொந்த உங்களுக்கு இரண்டாவதைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. மெக்சிக்கோவின் வஹாக்காவில் ஆய்வுக்காகத் தங்கியிருந்த ஓராண்டில், கொக்கோ விதையை வறுத்து, கல்லில் அரைத்து, கறுவாவும் காய்ந்த மிளகாயும் சேர்க்கும் முறையைக் கற்றேன். அந்தக் கல்வியை நம்பி, பிரான்சில் நம்மவர் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு சிறு கடை திறந்தேன். மூன்றாம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் நிலைமை இதுதான்: பெரிய அங்காடி ஒன்றின் நிரந்தர ஆர்டர் கிடைத்தால் கடை நிற்கும், கிடைக்காவிட்டால் நத்தார்ப் பண்டிகைக்கு முன் மூட வேண்டும்.

சூட்கேசில் மிஞ்சிய இடம்

மறுநாள் யாழ்ப்பாணம் புறப்படவிருந்த ஓர் அண்ணை வந்தார். சூட்கேசில் இரண்டு கிலோ இடம் மிஞ்சியிருந்தது. அதை நிரப்பச் சொக்லேட் வேண்டுமாம். எந்தச் சொக்லேட் என்பது அவருக்கு ஒரு கேள்வியே அல்ல. ஒரு துண்டைக் கொடுத்து, கல்லில் அரைத்த சொக்லேட் வழுவழுப்பாக இராது, நாக்கில் நறநறக்கும், அதுவே அதன் சிறப்பு என்று விரிவுரை நிகழ்த்தினேன். அவர் பொறுமையாக மென்று விழுங்கினார்.

"தங்கச்சி, குறை நினையாதையுங்கோ. இதைக் கொண்டுபோய்க் குடுத்தால், எனக்குப் பிரான்சிலை வேலை போயிட்டுது எண்டு ஊரிலை கதைப்பினம்."

மிளகாயின் பூர்வீகம்

ரூ லூயி-பிளாங்க் தெருவில் சாமான் வாங்கிவிட்டு வந்த ஓர் அன்ரி, சொக்லேட்டில் மிளகாய் என்றதும் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். மிளகாய் மெக்சிக்கோப் பக்கத்துப் பயிர். போர்த்துக்கேயர் கொண்டுவரும்வரை நம்மவர் மிளகைத்தான் இடித்தார்கள் என்று வரலாறு சொன்னேன். வாடிக்கையாளரைத் திருத்தி எவரும் ஒரு கட்டிகூட விற்றதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு அன்று தெரியவில்லை. அவர் கறித்தூள் பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"அப்பிடியெண்டால் அவங்கள் எங்களிட்டைக் களவெடுத்து, பிறகு எங்களுக்கே வித்திருக்கிறாங்கள், பிள்ளை."

உள்ளே யார்?

பிரெஞ்சுக்காரரிடம் துயரம் வேறு வகை. நல்ல மேலங்கி அணிந்த ஒருவர் மூன்று வகைகளைச் சுவைத்துக் கண்ணை மூடி, இதுதான் மெக்சிக்கோ என்றார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்ததும் அவர் முகம் தொங்கியது. என் தோளுக்கு மேலாகப் பின்னறையை எட்டிப் பார்த்தபடி மெல்லக் கேட்டார்: "மன்னியுங்கள் மதாம், இதைச் செய்தவர் உள்ளே இருக்கிறாரா?"

கல்லுக்குச் செய்த மரியாதை

என் அரைக்கும் பொறி, தோசை மாவுக்கென்று நம்மவர் கடையில் விற்கும் அதே கிரைண்டர்தான். கொக்கோவை அதில் இரண்டு நாள் ஓயாமல் அரைக்க வேண்டும். அதற்குள் சில துளி தண்ணீர் பட்டாலும் முழுவதும் சேறாகிவிடும். அந்தப் பெரிய அங்காடியின் கொள்முதல் அதிகாரி, புதிதாக வந்த விதையில் செய்த கட்டியைத்தான் சுவைத்து முடிவு சொல்வேன் என்றிருந்தார். அவர் வருவதாக இருந்தது ஒரு பிற்பகல். அன்று காலை, அரைத்த விழுதை அச்சில் ஊற்ற வேண்டியதுதான் பாக்கி. பெட்டி வாங்க ஒரு மணி நேரம் வெளியே போனேன்.

புறநகரான ஓல்னே-சூ-புவாவிலிருந்து ரயிலேறி எனக்கு உதவிக்கு வரும் செல்வி அக்கா, பெரிய இடத்து மனிசி வருகிறாள் என்று அன்று அரை மணி முன்னதாகவே வந்துவிட்டார். கிரைண்டரை நிறுத்தி, விழுதை வழித்துச் சட்டியிலிட்டு, கல்லைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, விழுதைத் திரும்பக் கொட்டி ஓடவிட்டிருந்தார். நான் வந்தபோது கல் சேற்றில் முனகிக்கொண்டிருந்தது. தண்ணீர் படக்கூடாது என்று முதல்நாளே அவருக்குச் சொல்லியிருந்தேன். ஏன் என்று சொல்லவில்லை. விளக்கம் கேட்காதவர்களுக்கெல்லாம் விளக்கிய நான், தேவைப்பட்ட ஒருவருக்குக் கட்டளை மட்டும் இட்டிருக்கிறேன். என் நாக்கு எத்தனை கூரானது என்று அறிந்த அவர், ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி நின்றார்.

"ரெண்டு நாள் பழசு பிடிச்ச கல்லு, தங்கச்சி. அதைக் கழுவாமல் வெளி ஆக்களுக்கு எப்பிடிக் குடுக்கிறது?"

ஒரு கோப்பை

வஹாக்காவில் சொக்லேட்டைத் தின்பதைவிடக் குடிப்பதே வழக்கம். அதுவும் பெரும்பாலும் தண்ணீரில். சேற்றை வெந்நீரில் கரைத்து, நுரை எழக் கடைந்து, அதிகாரியின் முன் வைத்தேன். நான் செய்தவற்றிலேயே சிறந்தது அதுதான் என்று இன்றும் சொல்வேன். அவர் கடைசிச் சொட்டுவரை குடித்தார். செல்வி அக்கா கதவோரம் நின்று என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். அதிகாரி குறிப்பேட்டை மூடினார்.

"அற்புதம், மதாம். துரதிர்ஷ்டவசமாக, எங்கள் அலுமாரிகளில் கோப்பைகளை அடுக்க முடியாது."

கல் போன இடம்

நத்தாருக்குப் பத்து நாள் முன்பு கடையை மூடினேன். ரூ பெர்தொனே தெருவில் தோசைக்கடை வைத்திருக்கும் வேறோர் அண்ணை கிரைண்டரைக் கேட்டார். செல்வி அக்காவுக்கும் வேலை கொடுத்தால் கல்லைத் தருவேன் என்றேன். ஒப்புக்கொண்டார். மாசியில் ஒருநாள் அவ்வழியே போனபோது, அந்த அண்ணை வாசலுக்கு வந்து என்னை மறித்தார். முறைப்பாடு என்று நினைத்தேன், முறைப்பாடுதான்.

"பிள்ளை, செல்வியக்கா நாளுக்கு மூண்டுதரம் கல்லைக் கழுவுறா, தோசை இன்னும் சொக்லேட் மணக்குது. சின்னப் பிள்ளையள் அந்தத் தோசைதான் வேணுமெண்டு நிக்குதுகள். மணம் போனால் நான் என்ன செய்யிறது?"

ஆக, மூன்றாண்டு நான் வாதாடி விற்க முயன்றதில், லா சப்பல் விரும்பிக் கேட்டது கழுவியும் போகாத மிச்சத்தை மட்டுமே.