முருகனிடம் வாங்கிய பிள்ளை

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எந்த ளகரம், எந்த றகரம் என்று இன்றைக்கும் தடுமாறுவேன். வாசிக்கிறவர்கள் பிழையைப் பொறுத்துக்கொள்ளவேண்டும். நாங்கள் லண்டனுக்குப் போய்ப் பிள்ளை இல்லாமல் திரும்பி வந்ததை ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். முகம் பார்த்து விளக்கம் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன்.

என் மனைவியின் தங்கை லண்டனில் இருந்தாள். அவளுடைய கணவன் பிள்ளை பிறக்கமுன்பே விட்டுப் போய்விட்டான். பிள்ளை எனக்கு வேண்டாம் என்று கையெழுத்தும் வைத்துக் கொடுத்தான். பிறகு அவளுக்குப் புற்றுநோய் வந்தது. அவள் செத்தபோது மகளுக்கு ஐந்து வயது. கவுன்சில் என்கிற அங்கத்தைய நகரசபை அந்தப் பிள்ளையைப் பார்க்கிங் என்ற இடத்தில் ஒரு வளர்ப்புத்தாயிடம் விட்டது. சொந்தக்காரர் யாராவது எடுத்து வளர்க்க விரும்பினால் சொல்லலாம் என்று எங்களுக்கு அழைப்பு வந்தது. அப்போது நான் கிளிநொச்சியில் சீமெந்தை அச்சில் போட்டுக் கல் அரிந்துகொண்டு நின்றேன். கை முழுக்கச் சீமெந்து. மனைவிதான் போனைக் காதில் வைத்துப் பிடித்தாள்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இல்லை என்பதும் சரியில்லை. இரண்டு வயிற்றிலேயே போனது. மூன்றாவது பிறந்து, முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்துப் பெயர் வைக்கமுன் போனது. அதற்குப் பிறகு மனைவி யாருடைய கைக்குழந்தையையும் தூக்கமாட்டாள். கலியாண வீடுகளில் யாராவது பிள்ளையை நீட்டினால், "கை ஈரம்" என்று சொல்லி உள்ளே போய்விடுவாள்.

ஆனாலும் இந்தப் பிள்ளையை எடுப்போம் என்று முதலில் சொன்னது அவள்தான்.

இங்கே ஓர் அதிகாரி வந்து வீட்டையும் கிணற்றையும் பார்த்துப் போனார். பிறகு லண்டனுக்கு வரச் சொன்னார்கள். சில கிழமைகள் பிள்ளையோடு பழகவேண்டும். அதைக் கவுன்சில் அதிகாரி பார்த்து நீதிமன்றத்துக்குச் சொல்லுவா. நீதிபதி முடிவு செய்வார். அவ்வளவுதான் எனக்கு விளங்கியது.

மனோர் பார்க்கில் எங்கள் ஊர் அண்ணை ஒருவர் மேல்மாடி அறையைத் தந்தார். பெற்றோல் செட்டில் வேலை செய்கிறவர். நல்ல மனுசன், வாய் மட்டும் ஓயாது. "தம்பி, லண்டனுக்கு வந்து பாலத்துக்கு முன்னாலை நிண்டு ஒரு படம் எடுக்காமல் போனா ஊரிலை நம்பமாட்டினம். பக்கத்திலை நெடுங்கேணிக்குப் போயிட்டு வந்தனீங்கள் எண்டுதான் சொல்லுவினம்" என்றார்.

முதல் சந்திப்புகள் கவுன்சில் அறையில் நடந்தன. சுவரோரத்தில் விளையாட்டுச் சாமான்கள், மூலையில் ஒரு பெண் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பா. பிள்ளை மெலிந்தவள். கண் இரண்டும் செத்துப்போன தங்கையுடையது. முதல் நாள் என் கையைத் தொட்டுப் பார்த்து, "பெரியப்பா, why so hard?" என்று கேட்டாள். கல் அரியிற கை என்று சொன்னேன். கல்லை ஏன் அரியவேண்டும் என்று கேட்டாள். அவளுக்கு அது பெரிய பகிடி. தமிழ் அவளுக்கு விளங்கும். பேசும்போது பாதி இங்கிலீசு வரும், பெரியம்மா பெரியப்பா மட்டும் தமிழில் வரும்.

பிறகு தனியாக வெளியே கூட்டிப்போக விட்டார்கள். வளர்ப்புத்தாய் கானா நாட்டுக்காரி, வயதானவ, பெரிய உடம்பு. பார்க்கிங் ஸ்டேஷன் வாசலில் பிள்ளையை எங்களிடம் தந்துவிட்டுப் பின்னேரம் அதே இடத்தில் நிற்பா. அந்த நாட்களில்தான் நாங்கள் லண்டன் பார்த்தோம். திறந்து மூடுகிற பாலத்தைப் பார்த்தோம். நாங்கள் நின்ற நேரம் அது திறக்கவில்லை. ஆற்றங்கரையில் சுற்றுகிற பெரிய சக்கரத்தைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தோம். செத்துப்போன பெரிய மிருகங்களின் எலும்பை அடுக்கிவைத்த கட்டிடத்தில் பிள்ளை என் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். மனைவி எப்போதும் இரண்டடி பின்னால் வருவாள். தண்ணீர்ப் போத்தலும் பிஸ்கட்டும் அவளிடம் இருக்கும். பிள்ளையின் மூக்கைத் துடைப்பதும் சப்பாத்து நாடா கட்டுவதும் என் வேலை.

"நீ ஒருக்காத் தூக்கன்" என்றேன் ஒரு நாள். பிள்ளை பஸ்ஸில் நித்திரை.

"இஞ்சேருங்கோ, என்ரை ராசி உங்களுக்குத் தெரியும்தானே. முதல் முருகனிட்டைக் குடுத்து வாங்குவம். பிறகு தூக்கிறன்."

எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு நேர்த்திக்கடன் உண்டு. பிள்ளை தங்காத வீடு, சாதகம் சரியில்லாத பிள்ளை என்றால் கோயிலில் கொண்டுபோய் விற்பார்கள். ஐயர் வாங்கிச் சாமியின் காலடியில் விடுவார். அதோடு அது பெற்றவர்களின் பிள்ளை இல்லை. பிறகு காணிக்கை போட்டுத் திரும்ப வாங்குவார்கள். தாயின் ராசி அந்தப் பிள்ளையைப் பிடிக்காது, ஏனென்றால் அது சாமியின் பிள்ளை. நல்லூர்க் கோயிலிலும் சந்நிதிக் கோயிலிலும் எத்தனையோ பேர் செய்வதைப் பார்த்திருக்கிறேன். தவறென்று யாரும் நினைத்ததில்லை. நானும் இன்றுவரை நினைக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. கோயிலுக்குக் கூட்டிப் போகிறோம் என்று வளர்ப்புத்தாயிடம் சொன்னோம். "கடவுளின் வீடு நல்லது" என்றா. அவ ஞாயிறு தவறாமல் சேர்ச்சுக்குப் போகிறவ. இரண்டு ரயில் மாறி ஆர்ச்வேயில் இறங்கி மேட்டில் ஏறி முருகன் கோயிலுக்குப் போனோம். பூசை முடிந்தபின் மனைவி ஐயரிடம் விசயத்தைச் சொன்னாள்.

"இப்ப ஆரம்மா இதெல்லாம் செய்யினம்?" என்று ஐயர் சிரித்தார். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார்.

பிள்ளையின் கழுத்தில் ஒரு மாலை போட்டார். தோளைப் பிடித்துச் சந்நிதானத்துக்கு நேரே நிறுத்தி, இனி இது முருகன்ரை பிள்ளை என்றார். கொஞ்ச நேரம் விட்டு, "ஆர் வாங்கிறது?" என்று கேட்டார். மனைவி "நான்" என்றாள். தட்டில் காணிக்கை போட்டாள். ஐயர் திருநீறு பூசிப் பிள்ளையை அவள் கையில் தந்தார். அப்போது அவள் தூக்கினாள். ஐந்து வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டிலிருந்து ஸ்டேஷன் வரைக்கும் இறக்கவில்லை. மூச்சு வாங்கியது. நான் கேட்டும் தரவில்லை.

ரயிலில் பிள்ளை கேட்டாள். "பெரியம்மா, என்னை வாங்கினீங்களா?"

"ஓம் குஞ்சு. முருகனிட்டை வாங்கினது."

"Who sold me?"

"நாங்கள்தான்."

பிள்ளை யோசித்தாள். "ரிசீட் தந்தவரா?"

பெட்டியில் எதிரே இருந்த தமிழ்ப் பெடியன் ஒருவன் சிரித்துவிட்டான். மனைவியும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கண்டு எத்தனையோ வருசம்.

பிள்ளை அதை ஒரு பெருமையாக நினைத்திருக்கவேண்டும். வளர்ப்புத்தாயிடம் சொன்னாள். என்னை விற்றார்கள், பிறகு வாங்கினார்கள். பிள்ளை சொல்வதைக் கவுன்சிலுக்குச் சொல்வது அவவின் கடமை. அவ சொன்னா.

அடுத்த கிழமை எங்களைக் கூப்பிட்டார்கள். அதிகாரி வெள்ளைக்காரப் பெண், மெல்லிய குரல். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு பெண், சென்னைக்காரி.

"சார், கோயில்ல குழந்தையை வித்தீங்களான்னு கேக்குறாங்க."

"ஓம்."

"திரும்ப வாங்கினீங்களா?"

"ஓம்."

சென்னைக்காரி குரலைத் தாழ்த்தினா. "எங்க ஊர்லயும் தவிட்டுக்கு வாங்குறதுன்னு ஒண்ணு இருக்கு சார். எனக்குப் புரியுது. ஆனா நான் விளக்கம் சொல்லக்கூடாது. நீங்க சொல்றதைத்தான் சொல்லணும். கொஞ்சம் விவரமா சொல்லுங்க."

 நேர்த்தி என்றேன். வழக்கம் என்றேன். அதற்கு மேல் வரவில்லை. மேசையில் இருந்த கடதாசிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது மனைவி பேசத் தொடங்கினாள். ஒன்றும் ஒளிக்கவில்லை. மூன்று பிள்ளைகளையும் சொன்னாள். தன் ராசியைச் சொன்னாள். விற்றது எதற்கு, வாங்கியது எதற்கு என்று எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னாள். நான் அதை அவ்வளவு தெளிவாக ஒருநாளும் சொல்லியிருக்கமாட்டேன். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு அவளுடைய கையைத் தொட்டா. அவவின் கண் கலங்கியிருந்தது. விளங்கிவிட்டது, இனிப் பயமில்லை என்று நான் நினைத்தேன்.

பிறகு அதிகாரி கேட்டா. இந்தப் பிள்ளைக்கும் அப்படி நடந்துவிடும் என்று பயப்படுகிறீர்களா?

"ஓம். இப்ப கொஞ்சம் குறைவு. ஆனா பயம்தான்."

பிள்ளைக்குக் கடும் காய்ச்சல் வந்தால் என்ன செய்வீர்கள்?

மனைவி யோசிக்கவே இல்லை. "நான் தள்ளி நிப்பன். இவர் பாப்பார்."

சென்னைக்காரி உடனே மொழிபெயர்க்கவில்லை. மனைவியைப் பார்த்தா. "அம்மா, அப்படியே சொல்லவா?" என்று கேட்டா.

"ஓம், அப்பிடியே சொல்லுங்கோ. பிள்ளை தப்பவேணும்தானே."

அவ அப்படியே சொன்னா.

வீட்டுக்கு வந்ததும் அண்ணைக்குக் கோபம். "ஏன் தம்பி உதெல்லாம் சொன்னனீங்கள்? சும்மா பிள்ளைக்கு விளையாட்டுக் காட்டினது எண்டு சொல்லியிருக்கலாமே. இஞ்சை கவுன்சிலுக்கு உண்மை சொல்லி உருப்பட்ட ஆள் ஒருத்தரை எனக்குக் காட்டுங்கோ பாப்பம்."

மனைவி சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னாள். "அண்ணை, சாமி காரியத்தை விளையாட்டெண்டு சொல்லி ஒரு பிள்ளையை எடுக்கேலுமோ?"

முடிவு வந்தது. அதிகாரி கோயிலைப் பற்றி ஒன்றும் பிழையாகச் சொல்லவில்லை. அது நம்பிக்கை, அதை மதிக்கிறோம் என்றா. ஆனால் தாயை இழந்த பிள்ளை. பிள்ளை செத்துவிடும் என்று நாளும் பயப்படுகிற ஒருவரிடம், காய்ச்சல் நேரம் தள்ளி நிற்கிற ஒருவரிடம், அந்தப் பிள்ளை வளரக்கூடாது என்றா. பார்க்கிங் வளர்ப்புத்தாய் அவளைத் தானே வைத்திருக்கக் கேட்டிருந்தா. நீதிபதியும் அதையே ஏற்றார். மாதம் ஒருமுறை வீடியோவில் பேசலாம் என்றார்கள்.

எனக்கு அதிகாரியில் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

விமானத்துக்கு இன்னும் நாள் இருந்தது. அறைக்குள் இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று அண்ணை எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு திரிந்தார். அரண்மனை வாசலில் நிறுத்திப் படம் எடுத்தார். ஊரில் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள், ஏன் இரண்டு பேரும் நேர்த்திக்கடனுக்கு நிற்கிறமாதிரி நிற்கிறீர்கள் என்கிறார்கள். எங்களுக்குப் பின்னால் குதிரைகள் போகின்றன. அவற்றைப் பார்த்த ஞாபகமே எனக்கு இல்லை.

கடைசியாகப் பிள்ளையை வளர்ப்புத்தாயின் வீட்டில் பார்த்தோம். எங்களுக்கென்று தங்கள் நாட்டுச் சிவத்த சோறு ஆக்கியிருந்தா, சரியான உறைப்பு. மனைவியைக் கட்டிப்பிடித்து ஏதோ சொன்னா. பிள்ளை புறப்படும் நேரம் இரண்டு கையையும் மனைவியிடம் நீட்டினாள். மனைவி வாசல்படியில் நின்றபடி என்னைப் பார்த்து, "நீங்கள் தூக்குங்கோ" என்றாள். நான் தூக்கினேன். பிள்ளை என் தோளுக்கு மேலால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரயிலில் கேட்டேன். "வாங்கின பிள்ளைதானே. பிறகேன்?"

"முருகன் தந்தவர். ஆனா அந்தக் கவுன்சில் பிள்ளைக்கு என்னைப் பாத்த உடனை விளங்கிட்டுதே. வெள்ளைக்காரப் பிள்ளை, ராசி கீசி எண்டு ஒண்டும் தெரியாது. அவவுக்கே என்னிலை தெரிஞ்சிருக்கு."

அதிகாரி சொன்னது அதுவல்ல என்று நான் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். உன் பயத்தைத்தான் சொன்னா, உன் ராசியை அல்ல என்றேன். அவள் கேட்கவில்லை. இப்போது ஊரிலும் கேட்பதில்லை.

மாதக் கடைசி ஞாயிறு நான் குளித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டுப் போனுக்கு முன்னால் இருப்பேன். என் இங்கிலீசு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். பிள்ளையின் தமிழும் குறைந்துகொண்டு வருகிறது. ஆட்டுக்குட்டியைப் பிடித்துக் காட்டுவேன். அவள் விழுந்த பல்லைக் காட்டுவாள். மனைவி குசினிக் கதவுக்குப் பின்னால் நிற்பாள். பிள்ளையின் குரல் வரும்போது பாத்திரச் சத்தம் நின்றுவிடும்.

போன மாதம் பிள்ளை இருமிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து மனைவி கதவுக்குப் பின்னாலும் நிற்பதில்லை. நான் போனை எடுத்ததும் வளவின் கடைசிக்குப் போய்விடுகிறாள். இன்றைக்கும் பிள்ளை கேட்டாள், "பெரியம்மா எங்கே?" கிணற்றடியில் என்றேன். கூப்பிடுங்கோ என்றாள். கூப்பிட்டேன். அவள் வரவில்லை.

2024 கார்த்திகை 24, ஞாயிற்றுக்கிழமை.